நனையாத கட்டு

— ஆட்டாதேயும் முத்தலிப்பு. கத்திரி பிளாஸ்டரை வெட்டத்தான் தந்தது, உம்மட தோலை வெட்ட இல்லை.

— நான் ஆட்டல்ல சோமண்ணன். கத்திரி இழுக்கக்குள்ள கையும் கூடப் போகுது.

— கூடப் போனாலும் ஆட்டம்தான். பன்ரெண்டு கிழமை பொறுத்தனீர். இன்னும் பத்து நிமிசம் பொறும்.

— வெட்டுறதுக்கு இவ்வளவு பாடுபடுறீங்க. போன ரெண்டு கட்டுக்கும் இப்பிடி இல்லியே.

— போன ரெண்டையும் எங்க வெட்டினது? புட்டுமா மாதிரி உதிர்ந்து விழுந்தது. இருபத்திரண்டு வருசமா இந்தப் பிளாஸ்டர் அறையில நிக்கிறன். துணியில மாப் போட்டுச் சுருட்டிறதும் நான்தான், கட்டிறதும் நான்தான். சோமசேகரத்தின்ர கட்டு இளகினதெண்டு திருகோணமலையில ஒரு சனம் சொன்னதில்லை. உம்மாலதான் எனக்கு அந்தப் பேரும் வந்தது.

— மறுகா? இந்தத் தடவை?

— இது கல்லு. பாரும், கத்திரியின்ர வாய் போகுது. ஏன் உம்மட தலையால தண்ணி வடியுது?

— மூதூரில இருந்து லோஞ்சில வந்து, ஜெற்றியில இருந்து மழையில நடந்துதானே வந்தோம். மனிசி ஸல்ஹாவும் தெப்பமா நனைஞ்சு விறாந்தையில நிக்கா.

— அவவை ஏன் வெளியில விட்டனீர்? கூப்பிடுமன், கதிரை கிடக்கு.

— வரமாட்டா. படம் பாத்து டொக்டர் என்ன சொல்றார் எண்டு தெரியும் வரைக்கும் வெளியில நிண்டு ஓதுவனெண்டு சொல்லிட்டா. போன தடவை அந்தக் கதிரையில இருந்துதான் கெட்ட செய்தி கேட்டவ.

— ஒரு குடையாவது கொண்டு வந்திருக்கலாம்.

— ம்.

— எனக்கும் இப்ப குடை இல்லை. ஐப்பசியில துலைச்சிட்டன். பாணுக்கே விடியமுன்னம் கியூவில நிக்கிற காலம், குடைக்கு எங்க போறது? சங்கக்கடையில கேட்டா சிரிக்கிறாங்கள். கைபிடி வெடிச்சதெண்டு நானே பிளாஸ்டர் சுத்தி, நல்ல வடிவா வைச்சிருந்தனான். எங்க விட்டனீங்கள் எண்டு வீட்டில குணேஸ்வரி இண்டைக்கும் கேட்டவ.

— எங்க விட்டீங்க?

— தெரிஞ்சா மனிசியிட்ட ஏச்சு வாங்குவனோ? இந்தா, விரியுது. மெல்ல. கையைத் தூக்காதேயும், நான் தூக்கிறன்.

— யா அல்லாஹ். இது என்ட கைதானா? கோழிக்கால் மாதிரி மெலிஞ்சு கிடக்கு.

— எல்லாற்ற கையும் இப்பிடித்தான் வெளியில வரும். சாப்பிடச் சாப்பிட ஊறும். பெருவிரலுக்கு அடியில, இந்தக் குழியில நான் அமத்திறன். நோகுதோ?

— இல்ல.

— பொய் சொல்லாதேயும்.

— ஏன் பொய் சொல்றன்? முந்தி அந்த இடத்தில ஈ இரிந்தாலும் உசிர் போகும். இப்ப உங்கட விரல்தான் தெரியிது.

— சரி. நான் ஒண்டும் சொல்லேல்லை, விளங்குதோ? சொல்லிறது படமும் டொக்டரும். எக்ஸ்ரே அறைக்குப் போம். கையைத் தொங்க விடாதேயும், மற்றக் கையால தாங்கிக்கொண்டு போம்.

— சோமண்ணன், இந்தத் தடவையும் பொருந்தல்ல எண்டா?

— அதை ஏன் இப்ப?

— பெரிய டொக்டர் அண்டைக்கே சொல்லிட்டார். பொருந்தாட்டி மணிக்கட்ட அசையாம இறுக்கி வைச்சிடுவாராம். மறுகா லோஞ்சு எஞ்சினச் சுத்திக் கிளப்புற ஹேண்டிலப் புடிக்கேலாது. அது போகட்டும், லோஞ்சுக்கு வேற ஆள் இரிக்கி. சுஜூதில உள்ளங்கைய நிலத்தில வைக்கேலாதே. மரக்கட்டைய ஊண்டின மாதிரி ஊண்டிக்கொண்டு எப்பிடித் தொழுவன்?

— போம் முத்தலிப்பு. போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு வாரும்.

— இந்தாங்க. படத்தில ஈரம் காயல்ல, கவனமாப் புடிக்கச் சொன்னாங்க. நான் பாக்கல்ல. கண்ண மூடிக்கொண்டுதான் கொண்டு வந்தனான்.

— கண்ணை மூடிக்கொண்டு நடந்தனீரோ? விழுந்து மற்றக் கையையும் முறிக்கவோ? பொறும், டொக்டர் வாறார். எழும்பி நில்லும்.

— இரும், இரும் முத்தலிப். சோமர், அந்தப் படத்தை யன்னலுக்கு நேர பிடியும். இன்னும் கொஞ்சம் மேல. ம்.

— டொக்டர்?

— கொஞ்சம் பொறும். பழைய படத்தையும் தாரும் சோமர். முத்தலிப், இஞ்ச வாரும். பழைய படத்தில இந்தச் சின்ன எலும்பைப் பாரும். ஒரு கஜுக்கொட்டை அளவுதான். நடுவால ஒரு கறுப்புக் கோடு தெரியுதோ?

— தெரியிது. அத ஒரு வருசமாப் பாத்துக்கொண்டிரிக்கன்.

— ஹேண்டில் திருப்பி அடிச்ச அண்டைக்கு வந்த வெடிப்பு அது. இந்த எலும்புக்கு ரத்தம் ஒரு பக்கத்தாலதான் ஓடுது. உடைஞ்சு அசைஞ்சா மற்றப் பாதி பட்டினி. நீர் மூண்டு கிழமை சுளுக்கெண்டு எண்ணெய் போட்டு உருவினீர். பிறகு போட்ட ரெண்டு பிளாஸ்டரும் இளகிப் போச்சு. அதாலதான் உள்ளுக்க குடைஞ்சு, உம்மட இடுப்பில இருந்து எலும்பெடுத்து நிரவினனான். இப்ப இந்தப் புதுப் படத்தைப் பாரும். கோட்டைக் காட்டும் பாப்பம்.

— எங்க... நான் தேடுறன் டொக்டர். தெரியல்லியே.

— எனக்கும் தெரியேல்லை. இல்லை, முத்தலிப். பொருந்தியிட்டுது.

— டொக்டர்.

— ஓம். அழாதேயும். எலும்பு எலும்பைப் பிடிச்சிட்டுது. இந்த எலும்புக்குப் படிச்ச ஆக்கள் வைச்ச பேருக்கு ஓடம் எண்டு கருத்து. வடிவும் ஓடம்தான். உம்மட ஓடம் திரும்பக் கட்டியாச்சு.

— ஓடம் ஓட்டுறவனுக்கு ஓடமே உடைஞ்சிரிக்கி. நீங்க நல்லா இரிக்கோணும் டொக்டர். என்ட புள்ளைகள் ஒங்கட பேரைச் சொல்லித்தான் துஆக் கேக்குங்க.

— எனக்கு மட்டும் சொன்னாப் போதாது. எத்தினை நல்லா வெட்டி வைச்சாலும் கட்டு அசையாமல் நிக்கோணும். சோமர், இந்த முறை என்ன மாயம் செய்தனீர்? அதே மா, அதே துணி, அதே ஆள். மற்ற ரெண்டும் சேறாப் போச்சு, இது பாறை.

— நான் ஒண்டும் செய்யேல்லை, சேர். மா கொஞ்சம் நல்ல மா.

— சரி, சரி. முத்தலிப், ஒரு மாசம் இளஞ்சுடு தண்ணியில கையைப் போட்டு மெல்ல மெல்ல மடக்கி நிமித்தும். மூண்டு மாசத்துக்கு எஞ்சின் பக்கம் போகக்கூடாது. பிறகு ஹேண்டில் பிடிக்கேக்க பெருவிரலைச் சுத்திப் பிடிக்காமல் மற்ற விரலுகளோட சேத்து வையும். எஞ்சின் திருப்பி அடிச்சா கை தானா விலகும். நான் வாட்டுக்குப் போறன் சோமர்.

— போயிட்டு வாங்க டொக்டர். அல்ஹம்துலில்லாஹ். சோமண்ணன், அந்தப் படத்த இன்னொருக்காத் தாங்க.

— இரும். தண்ணி குடியும். அழுதா அழும், ஒருத்தரும் இல்லை இஞ்ச.

— ஸல்ஹாக்குச் சொல்லோணும்.

— யன்னலால சொல்லும்.

— ஸல்ஹா! பொருந்திட்டு! ஓம்! டொக்டரே சொல்லிட்டார்! கொஞ்சம் நில்லு, கூப்பிடுறன். சோமண்ணன், இந்த இடத்தில ஒரு சுஜூது செய்யட்டா? நன்றிக்குச் செய்யிறது. ரெண்டு நிமிசம்தான்.

— நிலம் முழுக்க மாப் புழுதி. பொறும், அலுமாரியில தோச்ச விரிப்பு ஒண்டு கிடக்கு. இந்தா. யன்னல் பக்கமா இல்லை, அந்தக் கதவுப் பக்கம் பாத்து விரியும்.

— கிப்லா எந்தப் பக்கமெண்டு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— வாட்டில வேலை செய்யிற ஜமால்தீன் அங்க பாத்துத்தானே தொழுறவன். கையை முழுசா ஊண்டாதேயும், விளங்குதோ? மெல்ல வையும்.

— வைச்சன். முழுசாப் படியல்ல. அரைவாசி தொடுது.

— நோகுதோ?

— நோகல்ல. ஒரு வருசத்துக்குப் பிறகு உள்ளங்கையில நிலம் குளிருது, சோமண்ணன்.

— போதும், எழும்பும். இடுப்பு எப்பிடி? எலும்பெடுத்த இடம்?

— குளிருக்குக் கொஞ்சம் உளையும். என்ட எலும்பு எங்க எண்டு கேக்கும். கையில நல்ல உத்தியோகத்தில இரிக்கி எண்டு சொல்லி வைச்சிரிக்கன். சிரிக்காதீங்க. இப்ப நான் ஒரு உண்மை சொல்லோணும். ஏசக்கூடாது.

— சொல்லும்.

— அந்த ரெண்டு கட்டையும் இளக்கினது ஒங்கட மா இல்ல. நான்தான்.

— ம்.

— தொழ முந்தி ஒளு எடுக்கோணும். முகம், முழங்கை வரைக்கும் கை, கால் எல்லாம் தண்ணி படோணும். சின்னனில ஓதித் தரக்குள்ள, மோதிரம் போட்டிருந்தாலும் அசைச்சு அடியில தண்ணி போக விடோணும் எண்டு சொல்லித் தந்தது. மோதிரத்துக்கே அப்பிடியெண்டா இவ்வளவு பெரிய கட்டுக்கு? அஞ்சு வேளையும் கட்டுக்குள்ள தண்ணி ஊத்தினனான். உள்ளுக்க போகாட்டி ஈர்க்கை விட்டு வழி எடுத்து ஊத்தினனான்.

— ஒரு நாளைக்கு அஞ்சு தரம்.

— அஞ்சு தரம். நீங்க கடல்தண்ணியெண்டு நினைச்சு, "லோஞ்சில ஏறினனீரோ, ஏறினனீரோ" எண்டு கேட்டீங்க. ஏறல்ல எண்டு நான் சத்தியம் பண்ணினன். பொய்யில்ல, லோஞ்சில ஏறல்லதானே.

— ஏன் எனக்குச் சொல்லேல்லை?

— சொன்னா தொழாத எண்டு சொல்லுவீங்கெண்டு பயம். ஒப்பரேசன் செஞ்ச பிறகும், வாட்டில தண்ணி ஊத்துறதுக்கு ஆயத்தமா பைப்படியில நிண்டன். ஜமால்தீன் காக்கா கண்டுட்டார். "என்னடாப்பா செய்யிறாய், ஈரக் கையால தடவினாப் போதும்தானே" எண்டார். மௌலவியா அவர்? ஒங்களிட்டச் சொல்லிடுவன் எண்டும் வெருட்டினார், நான் காதிலயே போடல்ல.

— ஒருவேளை, தடவினாப் போதுமெண்டு நான் சொல்லியிருந்தா கேட்டிருப்பீரோ?

— நீங்க சொல்லியா? ஒங்களுக்கென்ன தெரியும் எண்டு நினைச்சிருப்பன். கோவிக்காதீங்க.

— கோவமில்லை. அதைத்தான் நானும் நினைச்சன்.

— எப்ப நினைச்சீங்க?

— இப்ப. இப்பதான். கதையைச் சொல்லும்.

— புதுக்கட்டுப் போட்டு என்னை ஒரு புதன்கிழமை வீட்ட அனுப்பினீங்க. ஞாபகமா?

— எத்தினை பேருக்குக் கட்டிறன்.

— வெள்ளிக்கிழமை ஜும்ஆக்குப் போனன். எங்கட பள்ளி ஹஸரத் பிரசங்கத்துக்கு மேடையில ஏறினார். அந்தக் கிழமை நோன்புமில்ல, பெருநாளுமில்ல. ஒரு காரணமுமில்லாம, காயத்துக்குக் கட்டுப் போட்டவன் எப்பிடி ஒளு எடுக்கிறதெண்டு தொடங்கிட்டார். கட்டுக்கு மேல ஈரக்கையால தடவினாப் போதும், தண்ணி ஊத்திக் காயத்தக் கெடுக்கிறவன் அல்லாஹ் தந்த சலுகையைத் தட்டி விடுறவன் எண்டார். தொழுகை முழுசாக் கூடுமெண்டார். நாலு பேர் என்ட கையைப் பாத்தாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கொண்டு அழுதன்.

— நல்ல விசயம்தானே.

— அண்டையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்குப் போகல்ல. அந்த வெள்ளிக்கிழமை இல்லாட்டி, டொக்டர் வைச்ச எலும்பும் கரைஞ்சிரிக்கும். எனக்காகவே இறங்கின பிரசங்கம் சோமண்ணன் அது.

— கடவுள் செயல். எல்லாத்துக்கும் ஒரு நேரம் வரும். சரி, மழை விட்டா வெளிக்கிடும்.

— விடல்ல, கேளுங்க. அதுக்கு முதல் நாள், வியாழக்கிழமை, விரல் வீங்கிட்டெண்டு ஸல்ஹா என்னை இங்க கூட்டிக்கொண்டு வந்தவ. ஒங்களத் தேடினோம். லீவு எண்டாங்க.

— காய்ச்சல்.

— இருபத்திரண்டு வருசத்தில லீவெடுக்காத மனிசனாம். எக்ஸ்ரே எடுக்கிறவர் சொன்னார்.

— மனிசனுக்குக் காய்ச்சல் வரக்கூடாதோ?

— வரலாம், வரலாம். அந்த வியாழக்கிழமை, எனக்குப் பதிலா லோஞ்சு ஓட்டின ஸெய்னுதீன் ஒரு பகிடி சொன்னான். டவுன் ஆள் ஒருவர் ஏறினாராம். வாங்கில இரிக்கல்ல. எஞ்சின் பெட்டியக் கட்டிப் புடிச்சுக்கொண்டு நிலத்தில குந்தி, கண்ண இறுக்கி மூடிக்கொண்டு, கொட்டியாரக் குடா முழுக்க "அம்மாளே, அம்மாளே" எண்டு வந்தாராம். மூதூர் ஜெற்றியில ரெண்டு பேர் தூக்கித்தான் இறக்கினாங்களாம்.

— எத்தினை சனம் போகுது, வருது. பயந்தவங்களும் இருப்பாங்கள்தானே. அதிலென்ன பகிடி?

— பகிடியில்லதான். சோமண்ணன், ஒரு நாளைக்கு எங்கட ஊருக்கு வாங்க. ஒங்களுக்குத் தோதா மரக்கறியாச் சமைச்சு, ஸல்ஹா ஒங்களுக்கெண்டு வட்டிலப்பம் அவிப்பா.

— ஏலாது முத்தலிப்பு. நான் கடல் ஏறிறதில்லை. உமக்குத் தெரியாது. எனக்குப் பன்ரெண்டு வயசிருக்கேக்க, அப்பா கட்டைபறிச்சானுக்கு விறகு ஏத்தப் போனவர். வள்ளம் திரும்பி வரேல்லை. நாலாம் நாள்தான் அவரைக் கண்டெடுத்தது. அம்மா என்னைச் சல்லி அம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கற்பூரத்தைக் கொளுத்தி, இனி உப்புத் தண்ணிக்கு மேல கால் வைக்கமாட்டன் எண்டு சத்தியம் வாங்கினவ. முப்பத்தஞ்சு வருசம்.

— ஒரு தடவையும் ஏறல்ல?

— சத்தியமெண்டா சத்தியம்தானே.

— அப்பிடிச் சத்தியத்த முறிச்சா, ஒங்கட ஆக்கள் என்ன செய்யிறது?

— ஏன் கேக்கிறீர்?

— சும்மா.

— அவவின்ர சந்நிதியிலயே பொங்கி, உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கோணும். ஒரு ஆளின்ர நன்மைக்கு முறிச்சதெண்டா அவ தாய்தானே, கோவிக்கமாட்டா எண்டு பூசாரியார் சொன்னவர்.

— பூசாரியாரிட்டக் கேட்டீங்களா?

— பொதுவா. பொதுவாச் சொன்னது. நீர் என்ன பொலிஸ் மாதிரிக் கேள்வி கேக்கிறீர்? கையைத் தாரும், ஒரு துணி சுத்தி விடுறன். குளிர் படக்கூடாது.

— சுத்துங்க. டொக்டருக்கு நன்றி சொல்லிட்டன். அல்லாஹ்வுக்குச் சொல்லிட்டன். ஹஸரத்துக்கு நேத்து வீட்ட போய்ச் சொன்னன். இண்டைக்குக் கட்டு வெட்டுறாங்க, நீங்கதான் என்ட கையைத் தந்தது எண்டு. அவர் சிரிச்சார். "எனக்கு ஏன் சொல்றாய், எனக்கு ஞாபகப்படுத்தினவருக்குச் சொல்லு" எண்டார். ஆரெண்டு கேட்டன். பேர் சொல்றதில்ல எண்டு அந்த ஆளுக்கு வாக்குக் குடுத்திட்டாராம், வாயத் திறக்கமாட்டாராம்.

— வாக்கெண்டா வாக்குத்தான். விடும்.

— பேர் சொல்லல்லத்தான். ஆனா உள்ள போய் ஒரு சாமானைக் கொண்டு வந்து தந்தார். பள்ளியில விட்டுட்டுப் போன அமானிதம், இண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறாய்தானே, உரியவர்ட்டச் சேத்திடு எண்டார். ஸல்ஹா, இப்ப உள்ள வா.

— சோமண்ணன், ஒங்களுக்கு ஆயிரம் நன்றி. என்ட வீட்டு அடுப்பு எரியிறதும் ஒங்களால, அவர் நெத்திய நிலத்தில வைக்கிறதும் ஒங்களால. இந்தாங்க.

— இதென்ன... பிள்ளை, கையில குடையை வைச்சுக்கொண்டு ஏன் ரெண்டு பேரும் இப்பிடித் தெப்பமா நனைஞ்சனீங்கள்?

— அடுத்தவர்ட அமானிதத்த விரிக்கலாமா, சோமண்ணன்? கைபிடியில ஒங்கட பிளாஸ்டர் இன்னும் இளகல்ல பாருங்க, மூதூர்ப் பள்ளிவாசல் படியில விட்டுட்டு வந்த நாளில இருந்து மூணு மாசமா ஒங்களுக்காகக் காத்துக்கொண்டு இரிந்திரிக்கி.